தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?

2013 ஜூலையில் ஈராக்கின் பஸ்ராவில் போய் இறங்கியபோது கையில் ஒரு வருட சர்வேயர் ஒப்பந்தம் இருந்தது. எண்ணெய் வயலுக்குச் சாலை போடும் கம்பெனிக்கு ஒரு கிளை ஒப்பந்தக்காரர், அவருக்கும் கீழே எங்கள் கம்பெனி. ஊரில் விசாரித்தவர்களிடம் "பாலைவனத்தில் ரோடு வேலை" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். மறுநாள் குர்னாவுக்கு வடக்கே சைட்டில் இறங்கினால், மண்கரையின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் நாணல். நாணலுக்கு நடுவே கறுத்த தண்ணீர். அதில் மூக்கும் கொம்பும் மட்டும் தெரிய எருமைகள். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன். கோரையாறு கடலில் சேரும் இடத்துக்கே திரும்ப வந்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் தோன்றியது.

டைக்ரிஸும் யூப்ரடீஸும் ஒன்று சேரும் இடம் குர்னா. இரண்டு ஆற்றுக்கும் அதுதான் கடைமடை. மேலே ஷட்டரை இறக்கினால் கீழே என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

நான் மனித உரிமைப் பணியாளன் இல்லை. மட்டம் பார்க்கும் லெவல் மெஷினும் அளவுகோலான ஸ்டாஃபும் தூக்கிக்கொண்டு பதினெட்டு மாதம் அங்கே திரிந்தவன். அதில் நான் செய்த ஒரு தப்பு, அதைத் திருத்தப் போய்க் கற்றுக்கொண்ட சில விஷயங்கள், இவ்வளவுதான் இந்தக் கட்டுரை. தங்கள் ஊரிலோ வேறெங்கோ பாதிக்கப்பட்டவர்களின் கதையைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு உதவலாம்.

முதலில் அந்தக் கரை. டிராயிங்கில் அதற்குப் பெயர் 'ஏற்கெனவே உள்ள மண்கரை'. அதன் தலையிலேயே கிராவலும் மெட்டலும் போட்டுச் சாலையாக்குவது திட்டம். இரண்டாம் நாள் லெவல் எடுக்கும்போதே ஒன்று உறுத்தியது. எங்கள் பக்கம் எந்த வாய்க்கால் கரையும் நேராகப் போகாது. மேடு பள்ளம் பார்த்து வளையும். அங்கங்கே ஒரு மதகு இருக்கும், இல்லாவிட்டால் யாராவது திருட்டுத்தனமாகக் குழாய் பதித்திருப்பார்கள். இந்தக் கரையோ ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தது போல் பதினொரு கிலோமீட்டர் போகிறது. ஒரு மதகு இல்லை. பாசனத்துக்குப் போட்ட கரை என்றால் அதற்கு வாய் இருக்கும். இதற்கு வாயே வைக்கவில்லை.

மூன்று இடத்தில் மட்டும் கரை அறுந்து கிடந்தது. ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து மீட்டர் அகலம். டிராயிங்கில் 'சேதமடைந்த பகுதி, நிரப்ப வேண்டும்' என்றிருந்தது. நானும் ஃபீல்டு புக்கில் மூன்று இடத்திலும் 'உடைப்பு' என்று எழுதினேன். தஞ்சை டெல்டாவில் வளர்ந்தவனுக்கு உடைப்பு என்றால் ஒரே அர்த்தம்தான்: நடுராத்திரியில் தப்பு அடித்து ஊரைக் கூட்டி, மணல் மூட்டையும் வைக்கோல் பிரியும் தூக்கிக்கொண்டு ஓடுவது. அடைக்கப்பட வேண்டிய ஒன்று.

எங்கள் டிரைவர் பஸ்ராப் பையன். கொஞ்சம் ஆங்கிலமும், சினிமா பார்த்தே பொறுக்கிய இந்தியும் அவனுக்குத் தெரியும். "இது சதாம் போட்ட கரை" என்றான். "நீ சேதம் என்று எழுதுகிறாயே, அது மக்கள் வெட்டியது. வா, ஆளைக் காட்டுகிறேன்."

கரையோரமாக முப்பது எருமைகளோடு ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய குலத்தாரின் விருந்தினர் கூடமான முதீஃப் கொஞ்சம் தள்ளி இருந்தது. பனைமரப் பருமனுக்கு நாணலைக் கட்டுக் கட்டாகக் கட்டி, எதிரெதிரே நட்டு, வளைத்து உச்சியில் சேர்த்துப் பிணைத்திருக்கிறார்கள். ஓர் ஆணி கிடையாது. உள்ளே நுழைந்து உட்கார்ந்ததும் சுற்றி இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக "அல்லா பில்கைர்" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரியாமல் மொத்தமாகக் கும்பிடு போட்டேன். பிறகு சின்னக் கிண்ணத்தில் கசப்புக் காப்பி வந்தது. குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். நாலாவது கிண்ணத்தில்தான் டிரைவர் காதில் சொன்னான்: போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் இந்தியன் என்றதும் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் நீ எனக்குச் சொந்தம். பேப்பரிலேயே போட்டார்களே."

எனக்குப் புரியவில்லை. கூடத்தில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள், ஆனால் அது நகைச்சுவைக்குச் சிரிக்கும் சிரிப்பு இல்லை. பிறகு தேடிப் படித்தபோது விளங்கியது. 1991 ஏப்ரலில் சதாமின் பாத் கட்சிப் பத்திரிகையான அல்-தவ்ரா, பெயர் போடாத தொடர் கட்டுரைகளை வெளியிட்டது. சதுப்பு நிலத்து மக்கள் அழுக்கானவர்கள், ஒழுக்கமற்றவர்கள், உண்மையான அரபுகளே அல்லர். எட்டாம் நூற்றாண்டில் சிந்துவைப் பிடித்த அரபுத் தளபதி முகம்மது பின் காசிம் காலத்தில் இந்தியாவிலிருந்து எருமைகளோடு கொண்டுவரப்பட்டவர்கள் என்று அதில் எழுதினார்கள். நான் கற்ற முதல் பாடம் அந்தச் சிரிப்பிலிருந்து வந்தது. பொக்லைனும் பீரங்கியும் வருவதற்கு முன்னால் பேச்சு வரும். 'இவர்கள் இந்த மண்ணுக்காரர்களே இல்லை' என்று யாரோ ஓர் ஆளுங்கட்சிப் பத்திரிகையில் எழுத ஆரம்பித்தால் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நடந்தது சுருக்கமாக இது. குவைத் போர் முடிந்த கையோடு, 1991 மார்ச் மாதத் தொடக்கத்தில் பஸ்ராவில் சதாமுக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது. அரபு மாதக் கணக்கில் அது ஷஅபான், அதனால் அங்கே அதை ஷஅபான் எழுச்சி என்றே சொல்கிறார்கள். ராணுவம் அதை நசுக்கியது. தப்பியவர்கள் நாணல் காட்டுக்குள் புகுந்தார்கள். டாங்கி போக முடியாத இடம் அது. ஆகவே, டாங்கி போகிற மாதிரி ஆக்குவது என்று முடிவானது. ஆற்றிலிருந்து சதுப்புக்குப் பிரியும் கிளைகளைக் கரை கட்டி அடைத்தார்கள். தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போக வாய்க்கால் வெட்டினார்கள். 565 கிலோமீட்டர் நீளமுள்ள 'சதாம் ஆறு' 1992 டிசம்பரில் திறக்கப்பட்டது. மத்திய சதுப்புக்கு வரும் டைக்ரிஸ் கிளைகளை மடக்கிக்கொண்டு போக 1993 இல் சுமார் 2 கிலோமீட்டர் அகலத்தில் இன்னொன்று வந்தது. பெயர் நஹ்ர் அல்-இஸ், மாட்சிமை ஆறு. இன்னொன்றுக்குப் 'போர்களின் தாய் ஆறு' என்று பெயர். எங்கள் ஊரில் வாய்க்காலுக்கு வைக்கிற பெயர்களைப் பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி ஒன்றைக் கேட்டதில்லை.

அரசு சொன்ன காரணம் விவசாய வளர்ச்சி, உப்பு வடிகால். இது முழுப் பொய்யும் இல்லை. தெற்கு ஈராக்கின் நிலம் உவர் ஏறியது. வடிகால் வேண்டும் என்ற யோசனை 1950களிலேயே இருந்தது. 'சதாம் ஆறு' என்ற அந்தப் பெரிய வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. இதுதான் சிக்கலே. ஒரு பங்கு நியாயம் கலந்த அநியாயத்தை நிரூபிப்பது கஷ்டம். ஆனால் வடிகால் வெட்டுகிறவன் கிராமங்களைக் குண்டு வீசிக் கொளுத்த வேண்டியதில்லை; ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய்க் காணாமல் ஆக்க வேண்டியதில்லை. மதகில்லாத கரையும் கட்ட வேண்டியதில்லை.

1970களில் கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர் இருந்த சதுப்பில், 2000 வாக்கில் சுமார் ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சியது. 2001 இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து உலகத்துக்குக் காட்டியது. மக்கள் கணக்கு இதைவிட மோசம். 1991 இல் சுமார் இரண்டரை லட்சம் பேர். 2003 தொடக்கத்தில் ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி சொந்த இடத்தில் மிஞ்சியவர்கள் 40,000 பேர் இருக்கலாம். ஒரு லட்சம் பேர் உள்நாட்டிலேயே பெயர்ந்தார்கள். குறைந்தது 40,000 பேர் ஈரானுக்குப் போனார்கள். மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று அந்த அறிக்கை சொன்னது.

இதில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. 1992 ஆகஸ்டிலிருந்து 32 ஆவது அட்சரேகைக்குத் தெற்கே ஈராக் விமானங்கள் பறக்கக் கூடாது என்று அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் தடை போட்டன. சதுப்பு மக்களைக் காக்கத்தான் என்றார்கள். மேலே அவர்களுடைய விமானம் ரோந்து சுற்ற, கீழே பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. பொக்லைன் பறக்காதே!

2003 இல் சதாம் ஆட்சி விழுந்ததும் மக்கள் யாரையும் கேட்கவில்லை. மண்வெட்டியோடு போய்க் கரையை வெட்டினார்கள். நான் 'சேதம்' என்று எழுதிய மூன்று இடமும் அவைதான். பெரியவர் தன் கையைக் காட்டினார். "இரண்டாவது இடம் என் பிள்ளைகளும் நானும் வெட்டியது. ஒன்றரை நாள் ஆனது."

இங்கேதான் என் தப்பு வருகிறது. இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து நான் ஃபீல்டு புக்கைத் திருத்தவில்லை. பாவம் என்று நினைத்தேன், வேலையைப் பார்த்தேன். உடைப்புகளை மூடி அங்கே குழாய் பதிப்பதாகத் திட்டம் இருந்தது, தண்ணீர் அதில் போய்விடும் என்று சமாதானம் வேறு. ஆனால் குழாயின் அடிமட்டத்துக்கு லெவல் கொடுத்தது நான். ஓடையின் நடுவில் இறங்கி எடுத்திருக்க வேண்டும். இறங்கவில்லை. ஈரான் - ஈராக் போர்க்காலக் கண்ணிவெடி பயம் ஒரு காரணம், ஆகஸ்ட் வெயிலும் சேறும் இன்னொரு காரணம். கரையடியில் எடுத்த லெவலையே ஓடைக்கும் போட்டுவிட்டேன். குழாய் ஓடைத் தரையைவிட ஏறக்குறைய ஒன்றேகால் அடி மேலே போய் உட்கார்ந்தது.

பிப்ரவரியில் பெரியவர் கேம்ப் வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேல்பக்கத்துத் தண்ணீரில் இறங்கி நின்றார். முட்டி வரை. ஏறி வந்து, சாலையைக் கடந்து, கீழ்ப்பக்கத்தில் இறங்கினார். கணுக்கால். பிறகு குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் எடுத்து என் முன் நீட்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. ஓடாமல் நின்ற தண்ணீர், பன்னிரண்டு வருடம் காய்ந்து உப்புப் பூத்த மண்மேல் நின்ற தண்ணீர். எருமை குடிக்காது.

கம்பெனியில் சொன்னேன். டிராயிங் ஒப்புதல் ஆகிவிட்டது, உள்ளூர்ப் பிரச்சினையை உள்ளூர் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். உள்ளூர் ஆட்கள் பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள்: குலத் தலைவரான ஷேக் ஒரு நாள் முழுக்க லாரிகளை நிறுத்தினார். இரண்டு குழாய்கள் கீழே இறங்கின. மூன்றாவது அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஓர் ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுப்பவர். கிழவர்கள் சாவதற்குள் அவர்கள் சொல்வதைப் பதிந்து வைக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் அலைந்துகொண்டிருந்தார். எந்த மேடு எங்கே இருந்தது, எந்தக் கரை எந்த வருடம் வந்தது என்று வரைபடம் போட ஆள் வேண்டும். "நீ அளந்து கெடுத்தாய், அளந்து கொடு" என்றார். இதைவிட நேராக யாரும் என்னிடம் வேலை கேட்டதில்லை.

ஒன்பது வெள்ளிக்கிழமை போனேன். முதல் தடவையே நான் வாயைத் திறந்து கெடுத்தேன். ஒரு வயதான அம்மாவிடம், டிரைவர் மூலமாக, "ராணுவம் உங்களை என்ன செய்தது?" என்று கேட்டுவிட்டேன். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றோடு பெண்களிடம் பேசும் வேலை ஆசிரியரின் தங்கையிடம் போனது; நாங்கள் வெளியே எருமைகளோடு உட்கார்ந்திருப்போம்.

ஆசிரியர் அப்படிக் கேட்கவே மாட்டார். அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உங்கள் வாசலில் தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?" ஆச்சரியம் என்னவென்றால் இதற்குப் பதில் சொல்லாதவர்கள் யாருமில்லை. உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்று தன் உடம்பிலேயே காட்டுவார். மழைக்காலத்தில் இங்கே, கோடையில் இங்கே. இடுப்பு, முட்டி. பிறகு அவர்களாகவே சொல்லிக்கொண்டு போவார்கள். எந்த வருடம் முட்டிக்குக் கீழே போனது, மீன் குட்டையில் ஒதுங்கிச் செத்து நாறியது, வெயிலில் எருமைத் தோல் பிளந்தது. எருமை தண்ணீரில் கிடக்காவிட்டால் அதன் தோல் தாங்காது. விற்கப் போனால் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றதால் விலை இல்லை. பெரியவர் தன் மஷ்ஹூஃப் படகைத் தார் பூசிப் பூசிப் பத்திரமாக வைத்திருந்து, செங்கல் சூளை வேலைக்குப் போன இடத்துக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். (அந்தத் தாரை அவர்கள் கீர் என்கிறார்கள். எங்கள் பக்கத்துப் படகுக்காரர்கள் பூசுவதைக் கீல் என்போம். எனக்கு அது ஏனோ பிடித்துப்போனது.) சூளையில் அந்தப் படகைக் கவிழ்த்துக் கோழிக்குக் கூரையாக வைத்திருந்தாராம். தம்பியைக் கூட்டிக்கொண்டு போன ராத்திரியைப் பற்றி அவர் சொன்னது, படகைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகு, நாங்கள் கேட்காமலே.

வருடம் யாருக்கும் நினைவில்லை என்பது பொய். நம்முடைய காலண்டரில் நினைவில்லை, அவ்வளவுதான். ஷஅபானுக்கு முன்னா பின்னா, ரேஷன் அட்டை வந்த பிறகா, மூத்தவனுக்குப் பால்பல் விழுந்திருந்ததா, நோன்பு குளிரில் வந்ததா வெயிலில் வந்ததா என்று கேட்டால் மாதம் வரை வந்துவிடும். நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால் அது ஒன்றே நல்ல கடிகாரம்.

இன்னொன்று, சொல். படித்த இடத்தில் எல்லாம் சதுப்பு மக்களுக்கு 'மஆதான்' என்ற பெயர் இருந்ததால் நானும் அப்படியே சொன்னேன். டிரைவர் முகம் மாறியது. பஸ்ரா நகரத்தில் அது நாகரிகம் தெரியாதவன் என்று திட்டும் சொல். சில பெரியவர்கள் நெஞ்சைத் தட்டிக்கொண்டு தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வார்கள், சிலருக்குக் கேட்டாலே கோபம் வரும். ஆசிரியர் தன் நோட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில், அவர் தன்னை என்ன சொல்லி அழைத்துக்கொள்கிறார் என்று தனியாகக் குறித்து வைத்திருந்தார்.

எழுதுவதற்கு மூன்று நிறப் பேனா. கண்ணால் பார்த்தது நீலம், அடுத்தவர் சொல்லிக் கேட்டது பச்சை, இப்படித்தான் இருக்கும் என்று அவரே முடிவு செய்தது சிவப்பு. ஆரம்பத்தில் இது வாத்தியார் புத்தி என்று நினைத்தேன். பிறகு ஒரு கிராமத்தில் விஷ வாயு அடித்தார்கள் என்று நாலு பேர் சொன்னபோதுதான் அதன் அருமை தெரிந்தது. நாலும் பச்சை. 1993 இல் இப்படி ஒரு குற்றச்சாட்டு எழுந்து, ஐ.நா. ஆய்வாளர்கள் போய் மாதிரி எடுத்துப் பார்த்து, சான்று கிடைக்கவில்லை என்றார்கள். அந்த நாலு பேர் சொன்னது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. இதே ஆட்சி ஹலப்ஜாவில் 1988 இல் விஷ வாயு அடித்துக் கொன்றதை அறிந்தவர்கள் எதையும் நம்புவார்கள். ஆனால் பச்சையை நீலம் என்று எழுதினால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மறுப்பவன் கரை, குண்டு, காணாமல் போன ஆண்கள் எல்லாவற்றையும் சேர்த்து மறுப்பான்.

என் பங்குக்குச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தேன். லேண்ட்சாட் படங்கள் 1970களிலிருந்து இருக்கின்றன, 2008 முதல் யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பழைய படத்தில் கரும்பச்சையாக இருக்கும் இடம் 2000 ஆம் ஆண்டுப் படத்தில் சாம்பலும் வெள்ளையுமாக, உப்புப் பூத்துக் கிடக்கும். குறுக்கே நேர்க்கோடுகள் வந்திருக்கும். ஆற்றில் நேர்க்கோடு இயற்கையாக வராது. ஒருவர் சொன்ன கரை எந்த இரண்டு படங்களுக்கு நடுவில் முளைத்தது என்று பார்த்தால் அவருடைய நினைவுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும். ஒன்று மட்டும் ஞாபகம் வேண்டும்: அதில் ஒரு புள்ளி 30 மீட்டர். பழைய படங்களில் அதைவிடப் பெரிது. நாணலையும் சேற்றையும் அடுக்கிக் கட்டிய ஒரு குடும்பத்தின் தீவு அதில் தெரியாது. படத்தில் இல்லை என்பதால் அங்கே வீடு இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதீஃப் வாசலில் பெரியவரைப் படம் எடுத்து ஊரில் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். அங்கிருந்து யாரோ எடுத்து முகநூலில் போட, சுற்றி எங்கள் கம்பெனி ஆள் ஒருவர் கண்ணில் பட்டது. லாரியை நிறுத்தியவர்களில் இவர் இருக்கிறாரா என்று கேம்பில் பேச்சு வந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கலாம். சர்வே செய்து பிழைப்பவனுக்கே தோன்றவில்லை, அந்தப் போன் ஒவ்வொரு படத்திலும் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பதிந்து வைக்கிறது என்று. அதன் பிறகு கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்தேன், முகத்துக்குப் பதில் கையை எடுத்தேன். பெயர்ப் பட்டியல் தனி, வாக்குமூலம் தனி, இரண்டையும் ஒரே ஆள் வைத்திருப்பதில்லை என்று ஆசிரியரும் ஏற்பாடு செய்தார். சம்மதமும் ஒருமுறை கேட்டால் போதாது. ராத்திரி மனைவியிடம் பேசிவிட்டு மறுவாரம் வேண்டாம் என்றவர்கள் இரண்டு பேர் உண்டு. அவர்கள் முன்னாலேயே தாளைக் கிழித்துக் கொடுத்தோம்.

யாரிடமும் 'நஷ்டஈடு கிடைக்கும்', 'வழக்கு வரும்' என்று நாங்கள் சொல்லவில்லை. கேட்டவர்கள் நிறைய. "தெரியாது, எழுதி வைக்கிறோம்" என்பதே ஆசிரியர் பதில். அதைக் கேட்டபின் பேசாமல் போனவர்கள் குறைவு.

திரும்பி வந்த தண்ணீர் எல்லாம் ஒன்றாகவும் வரவில்லை. உடைத்த மூன்று நாலு வருடத்தில் பாதிச் சதுப்பு நிறைந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த நீரியல் பொறியாளர் அஸ்ஸாம் அல்வாஷும் அவருடைய நேச்சர் ஈராக் அமைப்பும் அதற்காக உழைத்தார்கள். 2013 இல், நான் போன அதே வருடம், அவருக்குச் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மேன் விருது கிடைத்தது. 2016 இல் யுனெஸ்கோ இந்தச் சதுப்புகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் பட்டியலில் தண்ணீர் வராது. துருக்கியிலும் சிரியாவிலும் ஈரானிலும் அணைகள், ஈராக்கின் சொந்த அணைகளும் சேர்ந்து, பனி உருகி வரும் வசந்தகால வெள்ளம் இப்போது கடைமடைக்கு வருவது அரிது. அந்த வெள்ளம்தான் உப்பைக் கழுவும். 2014 ஏப்ரலில் ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் ஆட்கள் ஃபலூஜா அணையின் ஷட்டர்களை மூடியபோது, செய்தி கேட்ட பெரியவர் சொன்னது: "யார் வந்தாலும் முதலில் ஷட்டரைத்தான் பிடிக்கிறான்."

எழுதுகிறவர்களுக்கும் இன்று அங்கே பாதுகாப்பில்லை. 2023 பிப்ரவரியில் நேச்சர் ஈராக்கின் ஜாஸிம் அல்-அஸதியை ஆயுதம் தாங்கியவர்கள் கடத்தி, இரண்டு வாரம் அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள். உலகம் அறிந்த மனிதருக்கே இந்த நிலை என்றால், பள்ளி ஆசிரியருக்கு என்ன என்று நினைத்து இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஆசிரியரின் பெயரும் ஊரும் இந்தக் கட்டுரையில் இல்லாததற்கு அதுதான் காரணம்.

அதே வருடம் மழைக்கு முன்னால் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. பெரியவர் எருமைகளை ஓட்டிக்கொண்டு ஆற்றோரம் போய்விட்டார், பாதிக்கு மேல் விற்றாகிவிட்டது. மேலே கொஞ்சம் தண்ணீர் திறந்தால் மூன்றாவது குழாய் வழியாக வருமா வராதா என்று அதிகாரிகளிடம் மனு கொடுக்க வேண்டும். ஓடையின் அளவு ஏதாவது உன்னிடம் இருக்கிறதா?

கம்பெனி அளவுகள் கம்பெனியோடு போய்விட்டன. பரணில் தேடி என் சொந்த நோட்டை எடுத்தேன். அந்தப் பிப்ரவரி நாளுக்கான பக்கத்தில் செயினேஜ், அதாவது சாலையில் அந்த இடத்தின் தூரக் கணக்கு, போட்டு, எதிரே நான் பென்சிலில் எழுதியிருந்தது எண் இல்லை. மேல்பக்கம்: முட்டி. கீழ்ப்பக்கம்: கணுக்கால். பெரியவரின் உயரம் எனக்குச் சுமாராக நினைவிருக்கிறது. தரையிலிருந்து முட்டி வரை 50 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டு, எப்படிப் போட்டேன் என்பதையும் எழுதி, பச்சைப் பேனாவா நீலமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நீலத்தில் அனுப்பினேன்.